என்ன ஆய்வு செய்யப் போகிறீர்கள்?

சென்னைப் பல்கலைக்கழகத்தில் தமிழில் முதல் முனைவர் பட்டம் பெற்றவர் மு. வரதராசனார். ஆண்டு 1948. சங்க இலக்கியத்தில் இயற்கை பற்றிய அந்த ஆய்வேட்டை அவர் ஆங்கிலத்தில் எழுதினார். அப்போது அவர் பச்சையப்பன் கல்லூரித் தமிழாசிரியர். மாதச் சம்பளம் வாங்கிக்கொண்டு, வகுப்பெடுத்துக்கொண்டு, மிச்ச நேரத்தில் ஆராய்ந்தார். ஆய்வு உதவித்தொகைக்கு விண்ணப்பிப்பது என்ற காரியமே அந்தத் தலைமுறைத் தமிழாசிரியர்கள் பலருடைய வாழ்க்கையில் கிடையாது. பார்த்த வேலைதான் ஆய்வுக்கும் சோறு போட்டது.

அந்த வரிசை வெகுகாலம் மாறவில்லை. எம்.ஏ. முடித்ததும் கல்லூரி வேலை, வேலை நிலைத்த பிறகு பிஎச்.டி. கல்லூரி ஆசிரியர்கள் சம்பளத்தோடு விடுப்பெடுத்து ஆய்வு செய்யப் பல்கலைக்கழக மானியக் குழு எஃப்.ஐ.பி. என்று ஒரு திட்டமே வைத்திருந்தது. விடுப்பில் போனவர் இடத்தில் பாடம் நடத்தும் மாற்று ஆசிரியரின் சம்பளத்தையும் மானியக் குழுவே கொடுத்தது. 'அவர் எஃப்.ஐ.பி.யில் போயிருக்கிறார்' என்று ஆசிரியர் அறையில் ஒருவர் சொன்னால் மற்றவர்களுக்குப் புரிந்துவிடும். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்குப் பேருந்து ஏறிய நாற்பது வயது ஆய்வு மாணவர்கள் அன்று சாதாரணம்.

இன்று வரிசை தலைகீழ். பல்கலைக்கழக உதவிப் பேராசிரியர் வேலைக்குப் பிஎச்.டி. கட்டாயம் என்று 2018ஆம் ஆண்டு விதிமுறை சொன்னது. அது 2021 ஜூலையில் நடைமுறைக்கு வரவேண்டியது, 2023 ஜூலைக்குத் தள்ளிப்போனது, அந்த ஜூலையும் வந்தபோது நெட் (தேசியத் தகுதித் தேர்வு) தேறியிருந்தாலே போதும் என்று விதியையே திருத்திவிட்டார்கள். விதி தளர்ந்ததே தவிர வேலைக்கான வரிசை குறையவில்லை. கௌரவ விரிவுரையாளர் இடத்துக்கே பிஎச்.டி. முடித்தவர்கள் கோப்பைத் தூக்கிக்கொண்டு அலைகிறார்கள். ஆகவே ஆய்வுக்கு வருகிறவர் இன்று இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதுக்காரர். கையில் வேலை இல்லை. பெரும்பாலும் வீட்டில் முதல் பட்டதாரி. உதவித்தொகை வந்தால் ஆய்வு, வராவிட்டால் தனியார் பள்ளி வேலை. அவருடைய விண்ணப்பத்தின் கதைதான் இது.

முழுநேர ஆய்வு மாணவர்கள் அன்றும் இருந்தார்கள். நாடு தழுவிய தேர்வு வருமுன், துறைக்கு வரும் ஒன்றிரண்டு உதவித்தொகை இடங்கள் யாருக்கு என்பதைத் துறைதான் முடிவு செய்தது. துறை என்றால் நடைமுறையில் துறைத்தலைவர். எழுதும் விண்ணப்பம் ஒரு பக்கம், இரண்டு பக்கம். முக்கியமான விண்ணப்பம் நேரில் போய் நிற்பது. 'சாரைப் போய்ப் பார்' என்று யாராவது சொல்லியிருப்பார்கள். வீட்டுக்குப் போய், செருப்பை வாசலில் விட்டு, யாருடைய மாணவன், எந்த ஊர், யார் அனுப்பினார்கள் என்பதெல்லாம் விசாரிக்கப்பட்டபின் பேச்சு ஆய்வுக்கு வரும்.

அந்த முறைக்கு ஒரு நன்மை இருந்தது. எம்.ஏ. இரண்டாண்டும் வகுப்பில் பார்த்த மாணவரைப் பேராசிரியருக்குத் தெரியும். இவனால் கல்வெட்டுப் படியைப் படிக்க முடியுமா, இவள் சுவடிக்கு முன் நாள் முழுக்க உட்காருவாளா என்பதை அவர் எந்தத் தேர்வுத்தாளும் காட்டாத அளவுக்கு அறிந்திருந்தார். ஆனால் பழைய பேராசிரியர்களைப் பற்றி நினைவுமலர்களில் வருகிற உருக்கமான கட்டுரைகளை நான் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் படிப்பேன். ஆளை அறிவது என்பதில் சாதியை அறிவதும் அடக்கம். மின்கட்டணம் கட்டியவர், ரயில் டிக்கெட் முன்பதிவு செய்தவர், பேராசிரியர் மகள் திருமணத்தில் பந்தி பரிமாறியவர் என்று ஸ்காலர் பட்டியலுக்கு வேறு தகுதிகளும் இருந்தன. பெண்களிடம் 'கல்யாணமாகிப் போய்விட்டால் இடம் வீணாகும்' என்பார்கள். இதையெல்லாம் தாண்டி நல்ல ஆய்வுகள் வந்தன என்பது உண்மை. வந்திருக்க வேண்டிய எத்தனை ஆய்வுகள் வாசலிலேயே நின்றுபோயின என்பதற்குத்தான் பதிவேடு இல்லை.

தலைப்பு அன்று யாருடையது? பெரும்பாலும் நெறியாளருடையது. ஒருவருக்குக் கம்பனில் உவமை கொடுத்திருந்தால் அடுத்தவருக்கு வில்லிபாரதத்தில் உவமை கொடுப்பார். 'திறனாய்வு', 'ஓர் ஆய்வு' என்று முடிகிற அந்தக் காலத்து ஆய்வேட்டுத் தலைப்புகளை ஒருசேர அடுக்கிப் பார்த்தால் நெறியாளரின் கை தெரியும். மாணவர் ஒரு கேள்வியோடு வந்தார், அந்தக் கேள்விக்காக அவரைச் சேர்த்துக்கொண்டார்கள் என்பது அரிதாகத்தான் நடந்தது.

1989 டிசம்பரில் நெட் தேர்வு வந்தது. விரிவுரையாளர் தகுதிக்கும் இளநிலை ஆய்வு உதவித்தொகைக்கும் (ஜே.ஆர்.எஃப்.) ஒரே தேர்வு. எம்ப்ளாய்மென்ட் நியூஸ் வாங்கி அறிவிப்பைக் கத்தரித்து வைப்பார்கள். வங்கியில் டிடி எடுத்து, அட்டெஸ்டேஷனுக்கு அரசிதழ் அதிகாரி ஒருவரைத் தேடி, பதிவுத் தபாலில் அனுப்புவார்கள். இதெல்லாம் எரிச்சலான வேலைதான். ஆனால் இந்தக் காகிதங்களில் எங்கும் 'யார் அனுப்பினார்கள்' என்ற கட்டம் இல்லை. தூத்துக்குடி மாவட்டத்து ஒரு கிராமத்திலிருந்து வந்த தலித் மாணவர், துறையில் யாரையும் தெரியாமலே, டெல்லியிலிருந்து வந்த ஜே.ஆர்.எஃப். கடிதத்தோடு துறைக்குள் நுழைய முடிந்தது. பணம் மாணவரோடு சேர்ந்து வருகிறது. அவரைத் திருப்பி அனுப்புவதற்கு முன் துறை ஒருமுறை யோசிக்க வேண்டியிருந்தது. தமிழ்நாட்டுக் கலைப்புல ஆய்வில் கடந்த ஐம்பதாண்டில் நடந்த மிகப் பெரிய சமூக மாற்றம் இதுதான் என்பேன். எந்தக் கோட்பாடும் இதற்கு ஈடில்லை. நாட்டார் வழக்காறு, சாதி வரலாறு, வாய்மொழி வரலாறு என்று ஆய்வுப் பொருள்கள் விரிந்ததில், இந்தக் கடிதத்தோடு வந்தவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

2005இல் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்காக வந்த ராஜீவ் காந்தி தேசிய உதவித்தொகை இன்னும் ஒரு படி போனது. தொடக்கத்தில் அதற்கு நெட் தேறியிருக்க வேண்டியதில்லை. முதுகலை மதிப்பெண்ணும் ஆய்வுப் பதிவும் போதும். பின்னால் பட்டியல் சாதி மாணவர்களுக்கான பகுதியை நெட்டோடு கட்டிவிட்டார்கள். சிறுபான்மை மாணவர்களுக்காக 2009இல் வந்த மௌலானா ஆசாத் உதவித்தொகையை, வேறு திட்டங்களோடு ஒன்றின்மேல் ஒன்று படிகிறது என்று காரணம் சொல்லி, 2022-23 முதல் நிறுத்தினார்கள்.

தேர்வின் கதையில் நான் நின்று பார்க்க விரும்பும் இடம் 2012 ஜூன். அதுவரை நெட்டில் மூன்று தாள்கள். முதல் இரண்டும் கொள்குறி வகை. மூன்றாம் தாள் எழுதும் தாள், இரண்டரை மணி நேரம். அதில் ஒரு பத்தியைப் படித்துக் கருத்துச் சொல்ல வேண்டும், கட்டுரை எழுத வேண்டும், ஒரு சிக்கலை எப்படி ஆராய்வாய் என்று காட்ட வேண்டும். முதலிரண்டு தாள்களில் தேறியவர்களின் மூன்றாம் தாளை மட்டும் ஆசிரியர்கள் உட்கார்ந்து திருத்தினார்கள். திருத்துவதில் ஏற்றத்தாழ்வு இருந்தது, தாமதம் இருந்தது, புகாரும் இருந்தது. அந்த ஜூனில் மூன்றாம் தாளையும் கொள்குறியாக்கினார்கள். 2018 ஜூலையில் மூன்று தாளும் சுருங்கி இரண்டாயின: முதல் தாளில் 50 கேள்வி, பாடத்தாளில் 100. எல்லாம் நான்கு விடைகளில் ஒன்றைக் குறிப்பது.

ஆக, வாழ்நாள் முழுக்க எழுதப்போகும் ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் தேர்வில் ஒரு வாக்கியம்கூட எழுதத் தேவையில்லை என்ற நிலை வந்தது. வேதியியலில் இப்படித் தேர்ந்தெடுப்பதன் குறைநிறை எனக்குத் தெரியாது. வரலாற்றிலும் இலக்கியத்திலும் இது நேரடியான சேதம். கூற்று–காரணம், பொருத்துக, காலவரிசைப்படுத்துக என்ற மூன்று வகைக் கேள்விகளைப் பழகினால் தாளில் பாதியைக் கடந்துவிடலாம். எந்த நூல் எந்த ஆண்டு, எந்தக் கோட்பாட்டைச் சொன்னவர் யார் என்பதை யூடியூபில் இரண்டு மாதம் பார்த்து மனப்பாடம் செய்யலாம். முன்பு ட்ரூமன் கைடு வாங்கினார்கள், இப்போது டெலிகிராம் குழுவில் சேர்கிறார்கள். தேறியவர்கள் திறமையற்றவர்கள் என்று சொல்ல வரவில்லை. எத்தனையோ நல்ல ஆய்வாளர்கள் இதே தேர்வில் தேறித்தான் வந்தார்கள். ஆனால் அவர்களுடைய நல்ல ஆய்வுத்தன்மைக்கும் அந்தத் தேர்ச்சிக்கும் தொடர்பில்லை. சங்கப் பாடல் ஒன்றின் பாடவேறுபாட்டைப் பிடித்துக்கொண்டு ஒரு வாரம் தூங்காமல் இருக்கிற மாணவரை இந்தத் தாள் கண்டுகொள்ளாது.

மொழியும் இருக்கிறது. நெட்டில் மொழிப்பாடங்களைத் தவிர மற்ற எல்லாத் தாள்களும் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே. தமிழ் எடுத்தவர் பாடத்தாளைத் தமிழில் எழுதலாம். ஆனால் கற்பித்தல் திறன், தரவு விளக்கம், தர்க்கம், கணினி எல்லாம் கேட்கிற முதல் தாளை ஆங்கிலத்திலோ இந்தியிலோதான் எழுத வேண்டும். வரலாறு எடுத்தவர் நிலை இன்னும் மோசம். அரசுக் கலைக்கல்லூரியில் பி.ஏ., எம்.ஏ. இரண்டையும் தமிழ்வழியில் படித்து, பாண்டியர் நில உறவு பற்றி ஆசிரியரையே மடக்கக்கூடிய மாணவர், அதே செய்தியை ஆங்கிலத்தில் நான்கு விடைகளாகப் பார்த்ததும் திணறுகிறார். உத்தரப் பிரதேசத்தில் தாய்மொழியில் வரலாறு படித்தவருக்கு அந்தத் திணறல் இல்லை. நீட் தேர்வைப் பற்றித் தமிழ்நாட்டில் தெருவுக்குத் தெரு பேசியாயிற்று. நெட்டைப் பற்றிப் பேச ஆள் கிடைப்பதில்லை. கலைப்பாடம் படிக்கிறவர்களுடைய பெற்றோர் ஊர்வலம் போவதில்லை.

சி.பி.எஸ்.இ. கையிலிருந்த நெட் தேர்வு 2018 டிசம்பரில் தேசியத் தேர்வு முகமைக்குப் போய்க் கணினித் தேர்வானது. 2024 ஜூன் 18 அன்று மறுபடி காகிதத்தில் நடத்தினார்கள். ஒன்பது லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் எழுதினார்கள். மறுநாளே ரத்து என்று அறிவிப்பு வந்தது. நேர்மை குலைந்திருக்கலாம் என்ற ஐயமே காரணமாகச் சொல்லப்பட்டது. ஆகஸ்ட் கடைசியிலும் செப்டம்பர் தொடக்கத்திலும் கணினியில் மறுதேர்வு. இடைப்பட்ட இரண்டு மாதத்தைக் கிராமத்து வீட்டில், 'எப்பதான் ரிசல்ட்?' என்று கேட்கும் அக்கம்பக்கத்தாருக்குப் பதில் சொல்லியே கழித்தவர்களைக் கேட்டால் தெரியும்.

அதே 2024இல்தான் நெட்டின் வேலையும் கூடியது. அதுவரை பல்கலைக்கழகங்கள் பிஎச்.டி. சேர்க்கைக்குத் தனித்தனி நுழைவுத் தேர்வு வைத்திருந்தன. அந்தத் தேர்வுகளுக்குப் பதில் நெட் மதிப்பெண்ணையே பயன்படுத்தலாம் என்றது மானியக் குழு. தேறுகிறவர்கள் மூன்று வகை: உதவித்தொகையும் ஆசிரியர் தகுதியும் பெறுபவர், ஆசிரியர் தகுதியும் பிஎச்.டி. சேர்க்கைத் தகுதியும் பெறுபவர், பிஎச்.டி. சேர்க்கைக்கு மட்டும் தகுதி பெறுபவர். பின்னிரண்டு வகையினருக்கு நெட் மதிப்பெண்ணுக்கு 70 விழுக்காடு, நேர்காணலுக்கு 30. அந்த மதிப்பெண் ஓராண்டுதான் செல்லும். என்ன ஆராயப் போகிறாய் என்ற கேள்வி அந்த முப்பதுக்குள் எங்கோ இருக்கிறது. பத்து நிமிட நேர்காணலில் எட்டாவது நிமிடத்தில் வந்தாலும் வரும். எம்.ஃபில். இருந்தவரை, ஒரு சிறிய ஆய்வேடு எழுதிப் பார்த்து, தனக்கு இது ஒத்துவருமா என்று மாணவரும், இவருக்கு ஒத்துவருமா என்று துறையும் தெரிந்துகொள்ள ஓராண்டு அவகாசம் கிடைத்தது. 2022 நவம்பர் விதிமுறையோடு அதுவும் போயிற்று.

இனி பணம். கலைப்பாட ஜே.ஆர்.எஃப். மாதத்துக்கு 2010இல் 16,000 ரூபாய். 2014 கடைசியில் 25,000 ஆனது. 2019 ஜனவரியில் 31,000, 2023 ஜனவரி முதல் 37,000. இரண்டாண்டுக்குப் பிறகு முதுநிலை உதவித்தொகைக்கு (எஸ்.ஆர்.எஃப்.) உயர்ந்தால் 42,000. வீட்டு வாடகைப்படி தனி. வயது வரம்பு 2018இல் 28இலிருந்து 30 ஆனது. பெண்களுக்கும் பிற்படுத்தப்பட்ட, பட்டியல் பிரிவினருக்கும் ஐந்தாண்டு சலுகை. இந்த உயர்வுகள் நியாயமானவை. போராடிப் பெற்றவையும்கூட.

ஆனால் மற்றொரு வரிசையையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். புத்தகம், ஒளிநகல், களப்பயணம் எல்லாவற்றுக்குமான கன்டின்ஜென்சி தொகை கலைப்பாடத்துக்கு முதல் இரண்டாண்டு ஆண்டுக்கு 10,000, பிறகு 20,500. மாதத் தொகை இரண்டு மடங்கைத் தாண்டியும் இது அசையவில்லை. தரமணி ரோஜா முத்தையா நூலகத்தில் பழைய இதழ் ஒன்றின் சில ஆண்டுத் தொகுதிகளை நகலெடுத்து, தஞ்சாவூர் சரசுவதி மகாலுக்கு இரண்டு முறை போய்த் தங்கினால் இந்தப் பணம் கரைந்துவிடும். மத்தியப் பல்கலைக்கழகத்தில் நெட் இல்லாமல் சேர்ந்தவருக்கு மாதம் 8,000. பத்தாண்டுக்கு மேலாக அதே 8,000. 2015 அக்டோபரில் அதையும் நிறுத்த மானியக் குழு முடிவெடுத்தபோதுதான் டெல்லியில் மாணவர்கள் அதன் அலுவலக வாசலில் வாரக்கணக்கில் உட்கார்ந்தார்கள். திட்டம் தப்பியது, தொகை உயரவில்லை. அந்த 8,000கூடப் புதுச்சேரியிலோ திருவாரூரிலோ மத்தியப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தவருக்குத்தான். மதுரையிலோ சேலத்திலோ அதே பாடத்தில் சேர்ந்தவருக்கு ஒன்றுமில்லை. மாநில அரசு ஆசிரியர் தேர்வு வாரியம் வழியாகத் தேர்வு வைத்து மாதம் 25,000 தருகிற முதலமைச்சர் ஆராய்ச்சி உதவித்தொகையை 2023இல் தொடங்கியது நல்ல காரியம். அதுவும் தேர்வு வழிதான்.

தொகை அறிவிக்கப்படுவது வேறு, கைக்கு வருவது வேறு. அன்று பணம் பல்கலைக்கழக நிதி அலுவலகத்துக்கு மொத்தமாக வரும். அங்கே பில் எழுதும் கிளார்க்கைக் கெஞ்ச வேண்டும். இன்று நேரடியாக வங்கிக் கணக்குக்கு வருகிறது. அதற்கென்று கனரா வங்கி நடத்தும் ஒரு தளம். மாதாமாதம் பல்கலைக்கழகத்தில் 'மேக்கர்' ஒருவர் மாணவர் பெயரைப் பதிய வேண்டும், 'செக்கர்' ஒருவர் அதை உறுதி செய்ய வேண்டும். மேக்கர் விடுப்பில் போனால், செக்கர் மாற்றலானால், கடவுச்சொல் காலாவதியானால் பணம் நிற்கும். கிளார்க்கையாவது நேரில் பார்த்து மன்றாடலாம். தளத்தில் 'பெண்டிங்' என்ற ஒரு சொல்லைத்தான் பார்த்துக்கொண்டிருக்க முடியும். ஐதராபாத் மத்தியப் பல்கலைக்கழக ஆய்வு மாணவர் ரோஹித் வேமுலா 2016 ஜனவரியில் எழுதிவைத்துவிட்டுப் போன கடிதத்தில் தனக்கு வரவேண்டிய ஏழு மாத உதவித்தொகையைக் குறிப்பிட்டிருந்தார், ஒரு லட்சத்து எழுபத்தையாயிரம் ரூபாய். அந்தத் தொகையைக் குடும்பத்துக்குக் கிடைக்கச் செய்யும்படி கேட்டிருந்தார்.

இதற்கிடையில் ஒரு விசித்திரமும் நடந்தது. அரசுக் கலைக்கல்லூரிகளில் கௌரவ விரிவுரையாளரின் மாத ஊதியம் 25,000 ரூபாய். நெட்டோ பிஎச்.டி.யோ முடித்தவருக்கு அது. பிஎச்.டி.யைத் தொடங்குகிறவருக்கு 37,000. ஆய்வை முடித்தால் வருமானம் குறைகிறது. ஐந்தாண்டு உதவித்தொகையின் கடைசி மாதம் வரை ஆய்வேட்டைச் சமர்ப்பிக்காமல் வைத்திருப்பவர்களைச் சோம்பேறிகள் என்று மூத்த பேராசிரியர்கள் திட்டுவார்கள். கணக்குத் தெரிந்தவர்கள் திட்ட மாட்டார்கள்.

வெளிநாட்டுக்கு விண்ணப்பிக்கும் வழி அன்றும் சிலருக்கு இருந்தது. ஆங்கிலம் கற்பித்துக்கொண்டிருந்த ஏ.கே. ராமானுஜன் 1959இல் ஃபுல்பிரைட் உதவியோடு இண்டியானா போய், 1963இல் மொழியியலில் பட்டம் பெற்றார். அவருக்குப் பின்னால் வந்தவர்கள் அண்ணா சாலை பிரிட்டிஷ் கவுன்சில் நூலகத்தில் காமன்வெல்த் பல்கலைக்கழகங்களின் தடித்த ஆண்டு மலரைப் புரட்டி, பேராசிரியர் முகவரியைக் குறித்து, ஏரோகிராம் எழுதினார்கள். பதில் வர மாதக்கணக்காகும், வராமலும் போகும். அந்தக் கடிதத்தில் ஒரு கட்டாயம் இருந்தது. முன்பின் தெரியாத ஒருவருக்கு, தான் எதை அறிய விரும்புகிறேன் என்று அரைப்பக்கத்தில் சொல்லியாக வேண்டும்.

இன்று ஜெர்மனி, நெதர்லாந்து, நார்வே, சுவீடன் நாடுகளில் பிஎச்.டி. ஒரு வேலை. வேலைக்கான விளம்பரம் போலவே வருகிறது. எத்தனை ஆண்டு ஒப்பந்தம், எந்தச் சம்பளப் படிநிலை, எவ்வளவு பாடம் நடத்த வேண்டும் என்பதெல்லாம் அதிலேயே இருக்கும். ஜெர்மன் விளம்பரத்தில் சம்பளப் படிநிலை டி.வி.-எல் 13 என்றிருக்கும், பக்கத்திலேயே 65 விழுக்காடு வேலை என்றும் இருக்கும். வேலை பார்ப்பது முழு நாள்தான். விண்ணப்பத்தில் ஒரு கடிதம், தன்விவரம், எழுதிய கட்டுரை ஒன்று, பரிந்துரைக்க இரண்டு பேர். தமிழுக்கும் இப்படி இடங்கள் வந்திருக்கின்றன. ஹாம்பர்க்கில் ஈவா வில்டன் தலைமையில் 2014 முதல் 2019 வரை ஐரோப்பிய நிதியில் நடந்த நெட்டமில் திட்டம், தமிழ்ச் சுவடிகளையும் உரைமரபையும் ஆராய ஆய்வாளர்களை எடுத்தது. அங்கே கேள்வி விண்ணப்பத்தின் முதல் வரியிலேயே இருக்கிறது. ஆனால் அது பெரும்பாலும் திட்டத்தலைவர் ஏற்கெனவே எழுதி நிதி வாங்கிவிட்ட கேள்வி. விண்ணப்பிப்பவர் அதற்குள் தனக்கொரு மூலையைக் கண்டுபிடிக்க வேண்டும். நம்மூர் நெறியாளர் தலைப்புக் கொடுத்ததற்கும் இதற்கும் வேறுபாடு, அங்கே அதை முன்கூட்டியே அச்சடித்துச் சொல்லிவிடுகிறார்கள். அந்த நாணயம் எனக்குப் பிடித்திருக்கிறது.

சொந்தக் கேள்வியோடு போகக்கூடிய இடங்கள் பிரிட்டனும் அமெரிக்காவும். அவை சுருங்கிக்கொண்டிருக்கின்றன. பிரிட்டனின் கலை, மானுடப்புல ஆய்வுக் குழு தான் நேரடியாக நிதி தரும் புதிய ஆய்வு மாணவர்களை ஆண்டுக்கு 425இலிருந்து 2029-30க்குள் 300 ஆகக் குறைப்பதாக 2023இல் அறிவித்தது. பாஸ்டன் பல்கலைக்கழகம் 2025-26க்குக் கலை, சமூக அறிவியல் பாடங்கள் பலவற்றில் பிஎச்.டி. சேர்க்கையை நிறுத்திவைத்தது. ராமானுஜன் முப்பதாண்டு பாடம் நடத்திய சிகாகோவும் 2026-27க்குக் கலைப்புலத் துறைகள் பலவற்றில் அதையே செய்தது.

பட்டியல் சாதியினர் உள்ளிட்ட சில பிரிவினர் வெளிநாட்டில் படிக்க இந்திய அரசு தருகிற தேசிய அயல்நாட்டு உதவித்தொகை ஆண்டுக்கு 125 இடங்கள். 2022 பிப்ரவரியில் அதன் விதியில் ஒரு வரி சேர்ந்தது. இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு, இந்தியச் சமூகம் பற்றிய ஆய்வுத் தலைப்புகளுக்கு இந்த உதவி கிடையாது. இந்தியாவைப் பற்றி ஆராய வெளிநாடு எதற்கு, இங்கேயே வளம் இருக்கிறதே என்பது சொல்லப்பட்ட காரணம். சாதியைப் பற்றி ஆராயும் நோக்கத்தோடு இந்த உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க இருந்த தலித் மாணவர்கள் யார் யார் என்று எண்ணிப் பார்த்தால் அந்த வரி யாரைத் தொடுகிறது என்பது விளங்கும். இவ்வளவு காலத்தில் ஓர் உதவித்தொகைத் திட்டம் மாணவரின் ஆய்வுப் பொருளை அக்கறையாகக் கேட்டது இந்த ஒரு தடவைதான் போலிருக்கிறது, அதுவும் கழித்துக்கட்டுவதற்காக.

உள்ளூருக்குத் திரும்பினால், ஜே.ஆர்.எஃப். கடிதம் மூன்றாண்டு செல்லும். அதற்குள் எங்காவது பதிவு செய்தாக வேண்டும். பதிவுக்கு நெறியாளர் வேண்டும். ஒரு நேரத்தில் பேராசிரியர் எட்டு, இணைப் பேராசிரியர் ஆறு, உதவிப் பேராசிரியர் நான்கு பிஎச்.டி. மாணவர்களைத்தான் வைத்துக்கொள்ளலாம். மாநிலப் பல்கலைக்கழகங்களில் ஓய்வுபெற்றவர்களின் இடங்கள் ஆண்டுக்கணக்கில் நிரப்பப்படவில்லை. இரண்டு ஆசிரியர்களோடு ஓடும் வரலாற்றுத் துறைகள் உண்டு. ஒன்பது லட்சம் பேரோடு போட்டியிட்டு, கணினி முன் உட்கார்ந்து, யார் சிபாரிசும் இல்லாமல் தேறி வந்த மாணவர் இப்போது மறுபடியும் ஒவ்வொரு பேராசிரியர் கதவாகப் போய் நிற்கிறார். பெரும்பாலும் வாட்ஸ்அப்பில்தான். 'வணக்கம் சார். ஹிஸ்டரியில் ஜே.ஆர்.எஃப். இருக்கிறது. உங்களிடம் வேகன்சி இருக்கிறதா?' என்று ஒரே செய்தி பத்துப் பேருக்குப் போகிறது. அதில் ஆய்வுப் பொருள் இருக்காது. போட்டால் வாய்ப்புக் குறையும் என்று சீனியர்கள் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். நாயக்கர் காலக் கோயில் நிலங்களைப் பற்றி எழுத ஆசைப்பட்டவருக்கு, கடைசியில் தேசிய இயக்கத்தில் பெண்கள் பற்றி நெறிப்படுத்துகிறவரிடம் ஓர் இடம் காலியாகிறது. ஜூலையில் ஒருவர் வைவா முடிக்கிறாராம். 'அப்ப வந்து சேர்ந்துக்கப்பா, தலைப்பைப் பிறகு பாத்துக்கலாம்' என்று பதில் வருகிறது. மாணவர் கைகூப்பும் படம் ஒன்றை அனுப்பிவிட்டு, கடிதத்தின் கடைசித் தேதியை இன்னொரு முறை பார்த்துக்கொள்கிறார்.